பனி முந்தி விழுந்த வருடம்

அந்த வருடம் மேல்நாட்டு மலைகளில் பனி முந்தி விழுந்தது. அதனால் பாலைவனத்தில் எனக்கு ஒரு சிவப்பு ஜாக்கெட் கிடைத்தது.

நான் வேலை பார்ப்பது வளைகுடா நகரம் ஒன்றில், பெரிய மால் ஒன்றுக்குள் கட்டியிருக்கும் பனிக்கூடத்தில். எந்த மால் என்று எழுதப்போவதில்லை. இந்தப் பக்கத்தில் இப்போது இப்படிப்பட்ட கூடங்கள் ஒன்றுக்கு மேல் வந்துவிட்டன, எதுவாகவும் வைத்துக்கொள்ளலாம். வெளியே கார் கதவைத் தொட்டால் கை பொசுங்கும். உள்ளே இரண்டு கதவு தாண்டினால் மூச்சு புகையாக வரும். கூடம் மூடிய பிறகு கூரையில் இருக்கும் குழாய்கள் தண்ணீரைப் பனியாக்கித் தூவும். காலையில் ஒரு வண்டி வந்து அதைச் சமன்படுத்திவிட்டுப் போகும். சறுக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு நீண்ட சரிவு. அதன் அடியில், கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு ஒரு சின்னச் சரிவு. அதற்கு எதிரே உயரமான கண்ணாடிச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு காப்பிக் கடை. காப்பி குடிக்கிறவர்கள் உள்ளே விழுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம், போனில் படமும் பிடித்துக்கொள்ளலாம்.

என் ஊர் விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில். மழையே கணக்குப் பார்த்துப் பெய்கிற கரிசல் பூமி. விவாகரத்து ஆன கையோடு விமானம் ஏறினேன். அதைப் பற்றியும் எழுதப்போவதில்லை. அதைப் பேச ஊரில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் பிழைப்பை நான் கெடுப்பானேன்.

முதலில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்தேன். பிறகு இந்தக் கூடத்தில், பூட்ஸும், அதன் அடியில் மாட்டிச் சறுக்கும் நீளப் பட்டையான ஸ்கீயும் வாடகைக்குக் கொடுக்கும் கவுண்டரில் சேர்ந்தேன். வருகிறவர்களின் காலை அளந்து பூட்ஸ் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த பூட்ஸ் சாதாரணமானதில்லை, கல் மாதிரி கனக்கும், கணுக்காலை அசையவிடாது. எடையும் உயரமும் கேட்டு, விழுந்தால் பூட்ஸிலிருந்து ஸ்கீ கழன்றுகொள்ளும்படி அதன் பிடியைத் திருகி வைக்க வேண்டும். திரும்பி வந்த பூட்ஸுக்குள் மருந்து அடித்துக் காயவைக்க வேண்டும். பெரும்பாலும் மண்டி போட்டுச் செய்கிற வேலை. கந்தூரா அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கால் நீட்டும் அரபிகள், ஊட்டிக்கு வாங்கிய ஸ்வெட்டரோடு வரும் நம்மவர்கள், பூட்ஸ் போட்டதும் நடக்கத் தெரியாமல் கத்தும் காதலர்கள். பல வருடம் நான் மனிதர்களை முழங்காலுக்குக் கீழேதான் பார்த்தேன்.

கவுண்டரில் என்னோடு இருந்தவள் பிலிப்பைன்ஸ்காரி. என் வயது. ஸ்டாஃப் குடியிருப்பிலும் ஒரே அறை. அவளுக்குக் குளிர் பிடிக்காது, ஆட்களைப் பிடிக்கும். எனக்குத் தலைகீழ்.

சரிவில் சொல்லிக்கொடுப்பவர்கள் சிவப்பு ஜாக்கெட் போட்டிருப்பார்கள். அப்போது இருந்த அத்தனை பேரும் பனி விழும் நாடுகளிலிருந்து வந்தவர்கள். கோடையெல்லாம் இங்கே சம்பாதித்துவிட்டு, டிசம்பரில் மாற்று ஆட்கள் வந்ததும் தங்கள் மலைகளுக்குத் திரும்பிப் போவார்கள். அக்டோபர் வந்தாலே ஓய்வறையில் பேச்சு மாறிவிடும். ஆளாளுக்குப் போனை வைத்துக்கொண்டு, ஆல்ப்ஸிலும் அமெரிக்காவின் மேற்கு மலைகளிலும் பொருத்தியிருக்கும் கேமராக்களைப் பார்ப்பார்கள். உச்சியில் வெள்ளை விழுந்துவிட்டதா, அடிவாரத்தில் இன்னும் புல் தெரிகிறதா, விழுந்தது தங்குமா கரையுமா, ஆட்களைச் சரிவின் உச்சிக்கு ஏற்றும் லிஃப்டுகளில் எது முதலில் ஓடும். எங்கள் ஊரில் புரட்டாசி கடைசியில் ஆண்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு பேசும் அதே பேச்சு. எனக்கு அது நன்றாகப் புரிந்தது. ஆனால் யாரும் என்னிடம் பேசியதில்லை.

ஒரு நாள் ஒரு பெண்மணிக்கு பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். "காலு முன்பக்கம் அழுத்துதே, இப்படித்தான் இருக்குமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், பக்கத்தில் நின்ற ஒரு சிவப்பு ஜாக்கெட் சொன்னான்: "அவங்ககிட்ட கேக்காதீங்க. அவங்க ஒரு நாளும் இத போட்டு நின்னதில்ல."

கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னான். அதனால்தான் சுருக்கென்றது. சாயங்காலம் வரைக்கும் அந்த வாக்கியம் பூட்ஸுக்குள் விழுந்த கல் மாதிரி உறுத்தியது.

கூடம் திறப்பதற்கு முன்னால், காலையில் ஊழியர்கள் பனியில் இறங்கிக்கொள்ளலாம் என்று ஒரு வழக்கம் இருந்தது. கவுண்டர்க்காரர்கள் போவது போட்டோ எடுக்க. மறுநாள் காலை நான் என் அளவு பூட்ஸை எடுத்துப் போட்டேன். என் பிலிப்பைன்ஸ் தோழி, "எங்க போற?" என்றாள். "நிக்கப் போறேன்," என்றேன்.

நிற்க முடியவில்லை. தரையில் எனக்குத் தெரிந்த எதுவும் அங்கே உதவவில்லை. பயந்து பின்னால் சாய்ந்தால் ஸ்கீ முன்னால் ஓடியது. எதையாவது பிடிக்கலாம் என்று கை நீட்டினால் பிடிக்க எதுவும் இல்லை. விழுந்தேன். எழுந்திருக்க முயன்று மறுபடி விழுந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்த இரண்டு பங்களாதேஷ்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருவர் கையால் சைகை காட்டினார்: எழுந்திரு, எழுந்திரு. எழுந்தேன். மறுபடி விழுந்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும். இடையில் ஒரு தடவை கை மணிக்கட்டு பிசகி, ஒரு வாரம் இடது கையால் பூட்ஸ் மாட்டினேன். அம்மாவுக்கு வீடியோவில் பேசும்போது கட்டு தெரிந்துவிட்டது.

"என்னட்டி கையில கட்டு?"

"பனியில சறுக்கி விழுந்துட்டேம்மா."

"துபாய் பக்கம் எங்கட்டி பனி? பொய் சொல்லுதியா?"

போனைத் திருப்பிச் சரிவைக் காட்டினேன். அம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு, "ஒன்ன பூட்ஸ் மாட்டிவிடத்தான வேலைக்கு வச்சிருக்கான்? நீ எதுக்கு அதுல ஏறுத? கையக் கால ஒடிச்சிட்டு வந்து நின்னா ஊர்ல என்ன சொல்லுவாவ?" என்றாள்.

"என்ன சொல்லுவாங்களாம்? இதுவரைக்கும் சொல்லாதது ஏதாவது பாக்கி இருக்கா?"

"எண்ணெய் தேச்சு நீவி விடு," என்று சொல்லி அம்மா போனை வைத்தாள்.

மணிக்கட்டு சரியானதும் மறுபடி இறங்கினேன். முதலில் நிற்கப் படித்தேன். பிறகு ஸ்கீயின் முன்முனைகளைச் சேர்த்துப் பின்முனைகளை விரித்து, வேகத்தை அடக்கப் படித்தேன். திரும்பப் படித்தேன். ஒரு நாள் நீண்ட சரிவின் பாதியிலிருந்து விழாமல் வந்து கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நின்றபோது, துடைக்கும் ஆட்கள் இருவரும் துணியைத் தூக்கி ஆட்டினார்கள். கவுண்டரில் என்னைப் பற்றி அப்படிச் சொன்ன அதே சிவப்பு ஜாக்கெட் பக்கத்தில் வந்து நின்றான்.

"நீ கோபமா சறுக்குற. யார் மேல இவ்வளவு கோபம்?"

"ஆள் குறிப்பிட்டுச் சொல்ல முடியாது," என்றேன்.

சிரித்தான். கெட்டவனில்லை. அதற்குப் பிறகு, போகிறபோக்கில் முட்டியை மடக்கு, தோளைத் திருப்பாதே என்று சொல்லிவிட்டுப் போவான். நான் கேட்டுக்கொள்வேன். மற்ற நேரங்களில் வாடிக்கையாளர்களுக்கு அவர்கள் சொல்லிக்கொடுப்பதைக் கவுண்டரிலிருந்தே காது கொடுத்துக் கேட்பேன். இப்படியே இரண்டு குளிர்காலம் போனது.

சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஒரு தேர்வு உண்டு. அதற்காக வெளிநாட்டிலிருந்து ஒருவர் வருவார். நானும் எழுத வேண்டும் என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் லெபனான்காரர், நல்ல சட்டை போடுவார், யாரிடமும் கத்த மாட்டார். உட்காரச் சொன்னார்.

"நீ நல்லா சறுக்குற, நானே பாத்திருக்கேன். ஆனா வர்றவங்க எதுக்குக் காசு குடுக்கறாங்க? பனியில பிறந்து வளர்ந்த ஒருத்தர்கிட்ட கத்துக்கணும்னு. அது ஒரு அனுபவம். புரியுதா?"

"இந்தப் பனி எங்க பிறந்தது சார்?"

அவர் விழித்தார்.

"இந்தக் கட்டிடத்துலதான பிறந்தது? அதுவும் நேத்து. நான் இங்க வந்து எத்தனை வருஷம் ஆச்சு? இந்தப் பனிக்கு நான் மூத்தவ."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்துக்கொண்டே, "இந்த வருஷம் வேண்டாம். கலாஸ்," என்றார். கலாஸ் என்றால் முடிந்தது. வளைகுடாவில் அந்தச் சொல்லுக்கு மேல் பேச்சு கிடையாது என்று எல்லாரும் நினைப்பார்கள். நான் கதவைத் திறக்கும்போது, "எனக்கு இன்னும் முடியல சார்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வந்த அக்டோபரில்தான் அது நடந்தது. ஓய்வறையில் ஒரு காலை பெரிய கூச்சல். யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று ஓடினேன். எல்லாரும் ஒரே போனைச் சுற்றி நின்றார்கள். முந்தின நாள்வரை பழுப்பாக இருந்த ஒரு மலை முழு வெள்ளையாக இருந்தது. கேமராவின் கண்ணாடியிலேயே பனி ஒட்டியிருந்தது. அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொரு மலையாக அப்படியே ஆனது. வழக்கமாக நவம்பர் கடைசியில்கூடத் திறக்கத் தயங்கும் பனிச்சறுக்கு விடுதிகள், இந்த முறை வாரக்கணக்கில் முன்கூட்டியே லிஃப்டை ஓட்டப்போவதாக அறிவித்தன. எங்கள் சிவப்பு ஜாக்கெட்டுகளுக்கு அங்கிருந்து அழைப்பு வந்தது: உடனே வா.

போனார்கள். ஒப்பந்தம் முடியாதவர்கள்கூட அபராதம் கட்டிவிட்டுப் போனார்கள். விதைப்புக்கு ஈரம் வந்துவிட்டால் மில்லில் இருப்பவன் வேலையைப் போட்டுவிட்டு ஊருக்கு ஓடுவதில்லையா, அப்படி. நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என்னைக் கோபக்காரி என்றவனும் ஒரு வெள்ளிக்கிழமை பெட்டியோடு வந்து கை குலுக்கினான். "அடுத்த தடவை இறங்கும்போது கொஞ்சம் சிரி," என்றான்.

இங்கேதான் சிக்கல். மலையில் பனி விழுந்த செய்தி அவர்களுக்கு மட்டும் வரவில்லை, வளைகுடாவில் வசதி உள்ளவர்களுக்கும் வந்தது. டிசம்பரில் ஐரோப்பா போக டிக்கெட் போட்டவர்கள், போவதற்கு முன்னால் கற்றுக்கொள்ள எங்கள் கூடத்துக்கு வந்து குவிந்தார்கள். கற்றுக்கொள்ள ஆள் இருந்தது, மாற்று ஆட்கள் வரவில்லை, சொல்லிக்கொடுக்க இரண்டே பேர் மிஞ்சினார்கள். அந்த இருவரும் பெரிய சரிவை விட்டு நகர முடியாது.

மேனேஜர் கவுண்டருக்கே வந்தார். நான் மண்டி போட்டு யாருக்கோ பிடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"யல்லா, எந்திரி. கீழ்ச் சரிவுல ஆரம்பக்காரங்களப் பாத்துக்கோ. உதவியாளர்னு."

"உதவியாளர்னா?"

"கொஞ்சம் நிக்கக் கத்துக் குடு. விழுந்தா தூக்கி விடு. அவ்வளவுதான்."

"ஜாக்கெட்?"

"இருக்கறதப் போட்டுக்கோ. நீலம் நல்லாத்தான இருக்கு."

கவுண்டர்க்காரர்களின் நிறம் நீலம். நான் திருப்புளியைக் கீழே வைத்தேன், எழுந்திருக்கவில்லை.

"சிவப்பு குடுத்தா வரேன். இல்லன்னா எனக்கு இங்கயே வேலை நிறைய கெடக்கு."

என் தோழி, பக்கத்தில் பூட்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தவள், அடுக்குவதை நிறுத்திவிட்டாள். வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். மேனேஜர் குரலைத் தாழ்த்தி, "இப்ப இது நேரமா?" என்றார்.

"இதுதான் சார் நேரம்."

வேலை போனால் விசா போகும், விசா போனால் ஊர், ஊர் என்றால் அந்த வாய்கள். எல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். நீலத்தோடு ஒரு தடவை போய்விட்டால், சிவப்பு யாராவது கிடைக்கும்வரைக்கும் பயன்படுத்திக்கொண்டு மறுபடி என்னை மண்டி போடச் சொல்வார்கள் என்பதும் தெரிந்திருந்தது.

மேனேஜர் ஓய்வறைப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது கையில் சிவப்பு இருந்தது. போனவர்களில் யாரோ விட்டுவிட்டுப் போனது, ஆறடி ஆளுக்குத் தைத்தது. எனக்கு முழங்கால்வரை வந்தது. கைகளை மூன்று மடிப்பு மடித்தாள் என் தோழி. "பாதிரியார் மாதிரி இருக்க," என்றாள். "பரவாயில்ல," என்றேன்.

முதல் சில நாட்கள் பெரிய தொல்லை இல்லை. வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார்கள், ஜாக்கெட்டைப் பார்த்துச் சமாதானமானார்கள். தொல்லை நம்மவர்களிடமிருந்து வந்தது.

ஒரு தம்பதி, சவூதியின் ஜுபைலிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள். அவர் அங்கே ஒரு ரசாயன ஆலையில் இன்ஜினியர். கூட வந்த மனைவிக்கு நாற்பது வயதிருக்கும், கொஞ்சம் பருமன், குளிருக்கு முக்காடு போட்டிருந்தார். நான் வணக்கம் சொன்னதும் கணவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ஏம்மா, நீ தமிழா?"

"ஆமா சார்."

"எந்த ஊரு?"

"விளாத்திகுளம் பக்கம்."

"விளாத்திகுளத்துல எங்கம்மா பனி?" சத்தமாகச் சிரித்தார். "சரி, கத்துக் குடுக்கறவங்கள வரச் சொல்லு."

"நான்தான் சார்."

சிரிப்பு நின்றது. "இல்லம்மா, நாங்க ஃபுல் அமவுன்ட் கட்டியிருக்கோம். வெள்ளக்காரங்க யாராவது இருப்பாங்கல்ல? அவங்கள வரச் சொல்லு. உன்னத் தப்பா சொல்லல. இது சேஃப்டி விஷயம்."

"அவங்க எல்லாம் போயிட்டாங்க சார். அவங்க ஊர்ல பனி முந்தி விழுந்திருச்சு. மேல ரெண்டு பேரு இருக்காங்க, அவங்க இங்க வர முடியாது. இந்தச் சரிவுல இன்னிக்கு நான் மட்டுந்தான். கத்துக்கறீங்களா, வேண்டாமா? வேண்டாம்னா பின்னால ஆள் நிக்குது."

ஒரு வாடிக்கையாளரிடம் அப்படிப் பேசக் கூடாது. பேசிவிட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. மனைவியின் கையைப் பிடித்து, "வா, போலாம்," என்றார்.

அவர் மனைவி நகரவில்லை. பூட்ஸோடு நகர்வதும் அவ்வளவு சுலபமில்லை.

"நீங்க போய் காப்பி குடிங்க. நான் கத்துக்கிட்டு வரேன்," என்றார் அவர்.

"உனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"இவ்வளவு தூரம் வந்து பூட்ஸப் போட்டாச்சு. இத மாட்டறதுக்கே அரை உயிர் போச்சு. கழட்டிட்டுப் போகச் சொல்றீங்களா?"

கணவர் போய்விட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காப்பி வாங்கவில்லை.

அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பயத்தில் என் மடித்த கையைப் பிடித்தவர் விடவே இல்லை. "நான் ஸ்கூல்ல கூட ஓடினதில்லங்க," என்றார். விழுந்தார். எழுப்பினேன். ஒவ்வொரு தடவையும் நானே தூக்கிவிடக் கூடாது, அவராக எழுந்திருக்கப் படிக்க வேண்டும். முட்டியைப் பக்கவாட்டில் மடக்கி, ஸ்கீயைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, கையை ஊன்றி. மூன்றாம் தடவை அவராகவே எழுந்தார். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் உடம்பு கேட்டது. முட்டிய மடக்குங்க, குதிகால வெளிய தள்ளுங்க, கீழ பாக்காதீங்க, என்னப் பாருங்க. நான் அவர் முகத்தைப் பார்த்தபடி, முதுகுப் பக்கமாகச் சறுக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் போனேன். பாதிச் சரிவில் என் கையை விட்டார். அலறிக்கொண்டே இறங்கினார், ஆனால் நின்றார். நின்ற இடத்திலிருந்து கண்ணாடியைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கினார்.

கணவர் கை தட்டவில்லை. அவர் அன்று மாலையே என்மேல் புகார் கொடுத்தார்: மரியாதை இல்லாமல் பேசினேன், தகுதி இல்லாத ஆளை நிற்க வைத்திருக்கிறார்கள்.

மேனேஜர் கூப்பிட்டார். இந்த முறை உட்காரச் சொல்லவில்லை.

"கஸ்டமர்கிட்ட அப்படிச் சொன்னியா? கத்துக்கறியா வேண்டாமான்னு?"

"சொன்னேன். மரியாதையா சொல்லியிருக்கலாம், அது என் தப்பு. தகுதி இல்லாம இருக்கறது உங்க தப்பு."

"என் தப்பா?"

"தேர்வு எழுத விடாதது யாரு?"

அவர் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். அந்த அம்மா மறுநாளைக்கும் என்னிடமே வேண்டும் என்று கேட்டுப் பதிவு செய்திருந்தது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கடைசியில், "மார்ச்ல தேர்வாளர் வர்றார். எழுது. தோத்தா மறுபடி இதப் பத்திப் பேசாத," என்றார்.

தோற்றேன். சொல்லிக்கொடுக்கும் பகுதியில் நல்ல பெயர். சறுக்கும் பகுதியில், குறுகிய திருப்பங்களில் கட்டுப்பாடு போதாது என்றார் தேர்வாளர். நியாயமாகத்தான் சொன்னார். அறைக்குப் போய், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு மேனேஜரிடம் போய், அவர் பேசக் கூடாது என்று சொன்னதை மறுபடி பேசினேன். ஏப்ரலில் பழைய ஆட்கள் திரும்பி வந்தார்கள். சிவப்பு ஜாக்கெட்டின் சொந்தக்காரனும் வந்து, என்னைப் பார்த்து, "அது என்னுதுதானே?" என்றான். "ஆமா. ஆனா கைய வெட்டித் தச்சிட்டேன்," என்றேன். அவன் வேறொன்று வாங்கிக்கொண்டான். அடுத்த தேர்வில் தேறினேன்.

இது நடந்து சில வருடம் ஆகிறது. இப்போது கூடத்தில் சிவப்பு போட்டவர்களில் நேபாளத்து ஆள் ஒருவர் உண்டு, கென்யாக்காரி ஒருத்தி உண்டு. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் வருகிறவர்களில் யாராவது ஒருவர் மாதம் ஒருமுறையாவது என்னிடம் கேட்பார்: "நிஜப் பனியில சறுக்கியிருக்கீங்களா?" இல்லை என்று சொல்லும்போதெல்லாம் அவர்கள் முகத்தில் ஒரு சின்ன திருப்தி வரும். அந்தத் திருப்தியைத் தாங்க முடியாமல்தான், போன வருடம் லீவில் ஊருக்குப் போகாமல் ஜார்ஜியா போனேன். இங்கே விசா இருப்பவர்கள் பலரும் போகிற இடம்தான். என் தோழியையும் இழுத்துக்கொண்டு போனேன்.

அந்த வருடம் பனி முந்தவில்லை. டிசம்பர் முதல் வாரம், மலை அரைகுறையாகக் கிடந்தது. மேல் லிஃப்டுகள் மூடியிருந்தன. ஒரே ஒரு லிஃப்ட் ஓடியது. அதன் அடியில் ஒரு வேட்டி அகலத்துக்கு வெள்ளை, இரண்டு பக்கமும் மண்ணும் காய்ந்த புல்லும். லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார்: "நோ குட். ஸ்டோன். ஜனவரி கம்."

"ஜனவரில எனக்கு டூட்டி. லீவ் இப்பத்தான்," என்றேன். தமிழில்தான் வந்தது. அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். தோளைக் குலுக்கிவிட்டு வழிவிட்டார்.

நிஜப் பனியைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் அது நன்றாகவே இருக்காது. எங்கள் கூடத்தில் தினமும் காலையில் சமன்படுத்தி வைத்திருப்பார்கள். இங்கே ஒரு முழம் கண்ணாடி மாதிரி இறுகியிருந்தது, அடுத்த முழம் சோறு மாதிரி குழைந்திருந்தது. காற்று பக்கவாட்டில் அடித்தது. முதல் திருப்பத்திலேயே ஸ்கீக்கு அடியில் கல் உரசி, பல் கூசும் சத்தம் வந்தது. இரண்டாவது திருப்பத்தில் விழுந்தேன். நன்றாகவே விழுந்தேன், வாய்க்குள் பனியும் மண்ணும். லிஃப்ட்காரர் கீழேயிருந்து ஏதோ கத்தினார். அவர் பக்கத்தில் என் தோழி கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு, "போதும், வா! வீட்டுக்குப் போலாம்!" என்று கத்தினாள்.

முட்டியைப் பக்கவாட்டில் மடக்கினேன், கையை ஊன்றினேன், எழுந்தேன். இந்த முறை மெதுவாகப் போனேன். கல் இருக்கும் இடத்தைப் பார்க்காமல், வெள்ளை இருக்கும் இடத்தைப் பார்த்துப் போனேன். அடிவாரம்வரை விழவில்லை. அப்போதுதான் வானத்திலிருந்து கொஞ்சம் பனி விழ ஆரம்பித்தது. பெரிதாக ஒன்றுமில்லை, முகத்தில் பட்டதும் தண்ணீராகிவிட்டது. நான் நிமிர்ந்து பார்த்தேன். ஆனால் நின்று ரசிக்க நேரமில்லை. லிஃப்ட் மூடுவதற்குள் இன்னும் சில தடவை ஏறலாம்.

"இன்னுமா?" என்றாள் தோழி.

"இன்னும்," என்று சொல்லிவிட்டு வரிசைக்குப் போனேன். வரிசையில் நான் மட்டும்தான் இருந்தேன். லிஃப்ட்காரர் என் ஜாக்கெட்டில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார், தலையை ஆட்டினார், இருக்கையை எனக்காகப் பிடித்து நிறுத்தினார்.